ஒரே நாளில் காதல்: ‘தி சன் இஸ் ஆல்ஸோ எ ஸ்டார்’ நாவலில் எது நிஜம், எது சினிமா?

கேள்வி இது: “நிக்கோலா யூன் எழுதிய ‘தி சன் இஸ் ஆல்ஸோ எ ஸ்டார்’ படித்தேன். காலையில் பார்க்கிறார்கள், மாலைக்குள் காதல், இரவில் பிரிவு. நடுவில் அத்தனை தற்செயல்கள். கொரியர் ஒருவர் கறுப்பினப் பெண்களுக்கான முடிப் பொருள் கடை வைத்திருப்பதுகூட வேண்டுமென்றே திணித்த மாதிரி இருக்கிறது. ஒன்பது வருடம் அமெரிக்காவில் படித்து வளர்ந்த பெண்ணை இப்படி அனுப்பிவிட முடியுமா? இதில் எவ்வளவு நிஜம்? என் மகளுக்கு 14 வயது, படிக்கக் கொடுக்கலாமா?”

நீங்கள் சந்தேகப்பட்ட இடங்கள்தான் பெரும்பாலும் நிஜம். கேட்காமல் விட்ட இடங்களில்தான் சினிமா இருக்கிறது. இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த நாவலில் ‘விதி’ என்று தோன்றும் பல இடங்களுக்குப் பின்னால் ஏதாவது ஒரு நாட்டின் சட்டமோ வணிகக் கொள்கையோ நிற்கிறது. அதைத் தெரிந்துகொண்டு படித்தால் காதல் கதையும் வேறு மாதிரி தெரியும்.

படிக்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். முடிவு உட்பட எல்லாவற்றையும் பேசப் போகிறேன், படிக்கும் எண்ணம் இருப்பவர்கள் படித்துவிட்டு வரலாம். நட்டாஷா கிங்ஸ்லிக்கு 17 வயது. ஜமைக்காவில் பிறந்து 8 வயதில் நியூயார்க் வந்தவள். சுற்றுலா விசாவில் வந்த குடும்பம், விசா முடிந்தும் தங்கிவிட்டது. அப்பா சாமுவேல் நடிகராகும் கனவோடு வந்தவர். ஒரு நாள் இரவு குடித்துவிட்டுக் கார் ஓட்டிப் போலீஸில் மாட்டிக்கொண்டு, கேட்காததையும் சேர்த்துச் சொல்லி, குடும்பமே ஆவணமில்லாமல் இருப்பதை உளறிவிடுகிறார். நாவல் தொடங்கும் நாளின் இரவில் அவர்கள் விமானம் ஏற வேண்டும். கடைசி நாளிலாவது ஏதாவது வழி கிடைக்காதா என்று நட்டாஷா குடியேற்ற அலுவலகத்துக்குக் கிளம்புகிறாள். அதே காலையில் டேனியல் ஜே ஹோ பே என்ற கொரிய அமெரிக்கப் பையன் யேல் பல்கலைக்கழகத்துக்கான நேர்காணலுக்குக் கிளம்புகிறான். அவனை டாக்டராக்குவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. அவனுக்குக் கவிதை எழுத ஆசை. அவள் அறிவியலைத் தவிர எதையும் நம்பாதவள், அவன் எல்லாவற்றையும் நம்புகிறவன்.

நாவல் வந்தது 2016 நவம்பரில். அந்த ஆண்டு அமெரிக்காவின் நேஷனல் புக் அவார்டில் இளையோர் பிரிவின் இறுதிப் பட்டியலில் இருந்தது. 2017இல் இளையோர் நூல்களுக்கான பிரின்ட்ஸ் விருதுக் குழுவின் சிறப்பு அங்கீகாரமும் கிடைத்தது. யூன் ஜமைக்காவில் பிறந்தவர், அங்கும் நியூயார்க்கின் புரூக்ளினிலும் வளர்ந்தவர். கணவர் டேவிட் யூன் கொரிய அமெரிக்கர், அவரும் இளையோர் நாவல்கள் எழுதுகிறார். ஆகவே ஜமைக்கப் பெண்ணும் கொரியப் பையனும் என்ற ஜோடி ஆசிரியருக்கு வீட்டு விஷயம். புதுமைக்காகத் தேடிப் பிடித்த ஜோடி இல்லை.

கடைக்கு வருவோம். டேனியலின் அப்பா, நியூயார்க்கில் கறுப்பினத்தவரின் பகுதி என்று பெயர்பெற்ற ஹார்லமில் அவர்களுக்கான முடிப் பொருள்கள் விற்கும் கடை வைத்திருக்கிறார். சவுரிமுடி, விக், முடியை நேராக்கும் கிரீம், எண்ணெய் என்று எல்லாம் கிடைக்கும் கடை. திணித்த மாதிரி இருக்கிறது என்கிறீர்கள். அமெரிக்காவில் எந்தக் கறுப்பினப் பெண்ணைக் கேட்டாலும் சிரிப்பார். அந்த மாதிரிக் கடைகளில் பெரும்பகுதி பல பத்தாண்டுகளாகக் கொரியர் கையில்தான் இருக்கிறது. யூனே இதற்கென்று தனி அத்தியாயம் ஒதுக்கி வரலாறு சொல்கிறார். ஆனால் அவர் இரண்டு பக்கத்தில் தாண்டிவிடும் கதை அதைவிட நீளமானது.

1960களில் தென்கொரியா ஏழை நாடு. ராணுவத் தளபதியாக இருந்து ஆட்சியைப் பிடித்த பார்க் சுங் ஹீ, ஏற்றுமதி ஒன்றே வழி என்று நாட்டையே அந்தத் திசையில் ஓடவிட்டார். விற்க என்ன இருந்தது? மனித உழைப்பும் மனித முடியும் இருந்தன. கிராமத்துப் பெண்கள் நீண்ட கூந்தலை வெட்டி விற்றார்கள், நகரத்துத் தொழிற்சாலைகளில் இளம் பெண்கள் அதை விக்காகத் தைத்தார்கள். அதுவரை அமெரிக்காவுக்கு விக் ஹாங்காங்கிலிருந்து நிறையப் போய்க்கொண்டிருந்தது, அதில் சீன முடி இருந்தது. பனிப்போர்க் காலம் அது. 1960களின் நடுவில் அமெரிக்கா, கம்யூனிச நாட்டு முடி கலந்த விக் உள்ளே வரக்கூடாது என்று தடை போட்டது. தென்கொரிய அரசோ, முடியை அப்படியே வெளியே விற்கக் கூடாது, விக்காகச் செய்துதான் விற்க வேண்டும் என்றது. இரண்டு உத்தரவுகளும் சேர்ந்து சந்தையைக் கொரியாவின் கையில் கொடுத்துவிட்டன. 1960களின் கடைசியில் அந்த நாட்டின் முன்னணி ஏற்றுமதிப் பொருள்களில் விக்கும் ஒன்று.

அந்தத் தொழிலுக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. 1966இல் தொடங்கிய ஒய்.எச். என்ற விக் நிறுவனம் கொரியாவின் மிகப் பெரியவற்றில் ஒன்றாக வளர்ந்து, பிறகு நொடித்துப்போய் 1979இல் ஆலையை மூடியது. பெண் தொழிலாளர்கள் தலைநகர் சியோலில் எதிர்க்கட்சித் தலைமையகத்துக்குள் போய் உட்கார்ந்து போராடினார்கள். போலீஸ் உள்ளே புகுந்தபோது கிம் கியோங் சுக் என்ற இளம் தொழிலாளி இறந்தார். அதைக் கண்டித்த எதிர்க்கட்சித் தலைவர் நாடாளுமன்றத்திலிருந்து நீக்கப்பட்டார், அவருடைய ஊர்ப்பக்கம் கலவரமானது, அந்தக் கொந்தளிப்புக்கு நடுவில் 1979 அக்டோபர் 26 அன்று பார்க் சுங் ஹீயைத் தன் சொந்த உளவுத்துறைத் தலைவரே சுட்டுக் கொன்றார். விக் ஆலையில் ஆரம்பித்தது ஆட்சி மாற்றத்தில் போய் நின்றது. இது நாவலில் இல்லை. ஆனால் டேனியலின் அப்பா கடையில் தொங்கும் சவுரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

சரி, விக் கொரியாவிலிருந்து வந்தது. கடையும் ஏன் கொரியர் கைக்குப் போனது? அமெரிக்கா வந்த கொரியர்கள் பலர் படித்தவர்கள். ஆங்கிலம் சரியாக வராததாலும் அங்கே வாங்கிய பட்டத்தை இங்கே யாரும் மதிக்காததாலும் படிப்புக்கேற்ற வேலை கிடைக்கவில்லை. கடை போடலாம் என்றால் கையில் இருந்ததைக்கொண்டு என்ன வாங்க முடியும்? ஊர்க்காரர் மொத்த வியாபாரியாக இருந்தார், சரக்கைக் கடனுக்குக் கொடுத்தார், பேரம் தாய்மொழியில் நடந்தது. முதலுக்குத் தங்களுக்குள் சீட்டுக் கட்டிக்கொண்டார்கள். கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளில் 1960களின் கலவரங்களுக்குப் பிறகு பழைய வெள்ளைக்கார முதலாளிகள் பலர் கடையை விற்றுவிட்டுப் போயிருந்தார்கள், வாடகை குறைவு. முதலில் விக் விற்றவர்கள், பிறகு எண்ணெய், கிரீம், சீப்பு என்று எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டார்கள். தயாரிப்பாளர், இறக்குமதியாளர், மொத்த வியாபாரி, கடைக்காரர் என்று சங்கிலி முழுதும் ஒரே மொழி பேசும்போது வெளியாள் நுழைவது சுலபமில்லை.

இதில் கசப்பான பகுதி, அது ஹார்லம் என்பது. கறுப்பினப் பெண்களுக்கான கூந்தல் தைலம் விற்றே பெரும் செல்வம் சேர்த்த மேடம் சி. ஜே. வாக்கர் 1916இல் குடியேறிய இடம் அது. அடிமைத்தனம் முடிந்த இரண்டு ஆண்டுகளில், 1867இல் பிறந்தவர். கறுப்பினப் பெண் தயாரித்து, கறுப்பினப் பெண்களே வீடு வீடாக விற்று, அந்தப் பணம் அந்தச் சமூகத்துக்குள்ளேயே சுற்றிய தொழில் ஒரு காலத்தில் இருந்தது. அதே தெருக்களில்தான் நட்டாஷா கடைக்குள் நுழையும்போது டேனியலின் அப்பா அவளுடைய பெரிய ஆஃப்ரோ முடியைப் பார்த்துவிட்டு, அதை அடக்கிப் படிய வைக்கும் கிரீமை எடுத்து நீட்டுகிறார். அவர் வேண்டுமென்றே அவமானப்படுத்தவில்லை. தன் வாடிக்கையாளர்களுக்கு என்ன வேண்டும் என்று தனக்குத் தெரியும் என்ற கடைக்காரரின் நம்பிக்கை அது. இந்த நாவலின் மிகச் சிறந்த காட்சி எது என்று கேட்டால் முத்தக் காட்சிகளை விட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன்.

அந்த ஒரு காட்சிக்குள் இரண்டு சமூகங்களின் நீண்ட மனக்கசப்பு இருக்கிறது. 1990 ஜனவரியில் புரூக்ளினின் ஃபிளாட்புஷ் பகுதியில், ஒரு ஹெய்ட்டியப் பெண்ணைக் கொரியக் காய்கறிக் கடைக்காரர்கள் அடித்துவிட்டார்கள் என்ற புகாரில் தொடங்கிய புறக்கணிப்பு ஓராண்டுக்கு மேல் நீடித்தது. ஃபிளாட்புஷ் ஜமைக்கர் உள்ளிட்ட கரீபியர்கள் நிறைந்த பகுதி என்பதை மறக்க வேண்டாம். 1992இல் லாஸ் ஏஞ்சலிஸ் கலவரத்தில் கொரியர்களின் சுமார் 2,300 கடைகள் எரிந்தன அல்லது சூறையாடப்பட்டன. டேனியலின் அப்பா தலைமுறைக்கு இதெல்லாம் செய்தி இல்லை, அனுபவம். நட்டாஷாவைப் பார்த்து அவர் முகம் சுளிப்பதை வெறும் இனவெறி என்று ஒதுக்கிவிட்டால் பாதிதான் புரியும். இனவெறி இல்லை என்று சொல்லிவிட்டாலும் பாதிதான். யூன் அவருக்கென்று தனி அத்தியாயம் எழுதி, ஊரில் பட்ட வறுமையைச் சொல்லி, அதன் பிறகும் மன்னிப்பு வழங்காமல் விட்டிருக்கிறார். அது எனக்குப் பிடித்தது.

(அந்தக் கடைகளில் விற்கும் முடியில் நம் பங்கும் இருக்கிறது. பின்னாளில் கொரிய முடி தீர்ந்து செயற்கை இழைகள் வந்தன, கூடவே இந்திய முடியும். திருப்பதியிலும் மற்றக் கோயில்களிலும் காணிக்கையாகக் கொடுக்கும் முடி ஏலம் போய், சென்னை ஏற்றுமதியாளர்கள் வழியாகவும் உலகச் சந்தைக்குப் போகிறது. நட்டாஷாவுக்கு அது வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான்.)

இந்த இரண்டு குடும்பங்களும் ஒரே ஊருக்கு வந்து சேர்ந்தது எப்படி? அதுவும் தற்செயல் இல்லை. 1965 வரை அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் நாடுவாரியாகக் கோட்டா வைத்திருந்தது. ஆசியர்களுக்குக் கதவு ஏறக்குறைய மூடியே இருந்தது. 1952ஆம் ஆண்டுச் சட்டம் ஜமைக்கா போன்ற காலனிகளுக்கு ஆண்டுக்கு 100 பேர் என்று வரம்பு கட்டியிருந்தது. ஜமைக்கர்கள் அப்போது பிரிட்டனுக்குப் போனார்கள். 1962இல் பிரிட்டன் தன் காமன்வெல்த் குடியேற்றச் சட்டத்தால் அந்தக் கதவைச் சாத்தியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஜமைக்கா சுதந்திரம் பெற்றது. 1965இல் அமெரிக்கா கோட்டாவை ஒழித்தது. லண்டனுக்குப் போயிருக்க வேண்டியவர்கள் புரூக்ளினுக்கு வந்தார்கள், எங்கும் போக முடியாதிருந்த கொரியர்கள் குவீன்ஸுக்கு வந்தார்கள். ஒரே சட்டம் இரண்டு பேரையும் ஒரே நகரத்தில் கொண்டுவந்து போட்டது. டேனியல் இதை விதி என்பான். நட்டாஷா புள்ளிவிவரம் என்பாள். எனக்கு அவள் பக்கம்தான் சாய்வு.

இனி நாடுகடத்தல். ‘இப்படி அனுப்பிவிட முடியுமா’ என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே நாளில் அனுப்பவில்லை. பல மாதம் நடந்த ஒரு விவகாரத்தின் கடைசி நாளில்தான் நாவல் தொடங்குகிறது. குடும்பம் ஏற்கெனவே ‘தானாக வெளியேறுவது’ என்ற ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொண்டுவிட்டது. இது உண்மையான சட்ட ஏற்பாடு. நீதிபதி கொடுக்கும் கெடு வழக்கின் எந்தக் கட்டத்தில் ஒப்புக்கொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அதிகபட்சம் 60 நாள் அல்லது 120 நாள். கெடுவுக்குள் சொந்தச் செலவில் கிளம்பிவிட்டால் ‘நாடு கடத்தப்பட்டவர்’ என்ற முத்திரை விழாது. கிளம்பாவிட்டால் அபராதம், அதோடு பல நிவாரணங்களுக்குப் பத்தாண்டுத் தடை. நட்டாஷாவின் அம்மா மூட்டை கட்டுவதில் பிடிவாதமாக இருப்பது இதனால்தான். பல வாசகர்கள் அந்த அம்மாவைப் போராடத் தெரியாதவர் என்று நினைக்கிறார்கள். உண்மையில் குடும்பத்திலேயே சட்டத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அவர்தான்.

அப்பாவின் உளறலும் நம்பக்கூடியதுதான். அப்போது ஒபாமா ஆட்சி. 2012 நிதியாண்டில் மட்டும் சுமார் 4.1 லட்சம் பேர் அமெரிக்காவிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். 2014 நவம்பரில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை யாரை முதலில் அனுப்புவது என்று ஒரு வரிசை வெளியிட்டது. அதில் குடித்துவிட்டு வண்டி ஓட்டியதும் கணிசமான குற்றங்களின் பட்டியலில் இருந்தது. கைது செய்யப்பட்டவரின் கைரேகை மத்திய அரசின் குடியேற்றப் பதிவுகளோடு ஒப்பிடப்படும் நடைமுறையும் இருந்தது. சாமுவேல் வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலும் தப்பியிருப்பார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. நட்டாஷாவின் கோபம் முழுதும் அவர்மேல் குவிவது நாடகத்துக்கு நல்லது, சட்டப்படி பார்த்தால் கொஞ்சம் அநியாயம்.

அவளுக்குச் சட்டத்தில் வேறு வழியே இல்லையா? பார்க்கலாம். 10 ஆண்டு தொடர்ச்சியாகத் தங்கியிருந்து, நன்னடத்தையோடு இருந்து, குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை யாருக்காவது அசாதாரணமான துன்பம் வரும் என்று நிரூபித்தால் நீதிபதி நாடுகடத்தலை ரத்து செய்யலாம். அதற்கும் நாடு முழுதும் ஆண்டுக்கு 4,000 பேர் என்று உச்சவரம்பு. கிங்ஸ்லி குடும்பத்தில் நட்டாஷாவுக்குச் சுமார் 9 ஆண்டுகள்தான் ஆகின்றன. அமெரிக்காவில் ஒரு பிள்ளை பிறந்தால் பெற்றோருக்கு உடனே உரிமை வந்துவிடும் என்று நம் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. அந்தப் பிள்ளைக்கு 21 வயது ஆகும்வரை பெற்றோருக்காக மனுவே போட முடியாது.

டாகா? சின்ன வயதில் கொண்டுவரப்பட்டவர்களை நாடு கடத்தாமல் ஒத்திவைக்கும் அந்தத் திட்டத்தை ஒபாமா அறிவித்தது 2012 ஜூன் 15 அன்று. 16 வயதுக்கு முன் வந்திருக்க வேண்டும், 2007 ஜூன் 15 முதல் தொடர்ந்து நாட்டில் இருந்திருக்க வேண்டும். நாவல் வந்த 2016ஐயே கதை நடக்கும் ஆண்டாக வைத்துக் கணக்குப் போடுங்கள். 17 வயதுப் பெண், 8 வயதில் வந்தவள். 2007 அல்லது அதை ஒட்டி வருகிறது. அவளை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த விமானம் சில மாதம் முந்தியிருந்தால் அவளுக்கு ஒரு வாய்ப்பு இருந்திருக்கலாம், அதுவும் அவளுக்கு மட்டும். பெற்றோருக்கு அதில் இடமே இல்லை. இதைவிட நிரந்தரமான தீர்வாகச் சொல்லப்பட்ட ட்ரீம் சட்டம் 2001இலேயே முன்மொழியப்பட்டது. 2010 டிசம்பரில் செனட்டில் 55 பேர் ஆதரித்தும், விவாதத்தை முடிக்கத் தேவையான 60 கிடைக்காமல் விழுந்தது.

இன்னொரு முரண்பாடும் உண்டு. 1982இல் பிளைலர் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆவணமில்லாத பிள்ளைகளையும் அரசுப் பள்ளிகள் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதனால் நட்டாஷா 12ஆம் வகுப்புவரை எந்தத் தடையும் இல்லாமல் அமெரிக்கப் பெண்ணாகவே வளர்கிறாள். கல்லூரிக் கடன், மத்திய அரசின் உதவித்தொகை என்று வரும்போதுதான் கதவு மூடும். இந்த நாவலைப் போன்ற கதைகளில் நாயகிக்கு எப்போதும் 17 வயதாக இருப்பதற்குக் காதல் மட்டும் காரணமில்லை.

குறை சொல்ல வேண்டிய இடம் ஒன்று. நட்டாஷா கடைசி நாளில் போய் நிற்பது குடியுரிமை, குடியேற்றச் சேவைகளுக்கான அலுவலகத்தில். விண்ணப்பங்களைப் பரிசீலிப்பதுதான் அவர்கள் வேலை. வெளியேற்ற வழக்கை விசாரிப்பது மத்திய அரசின் நீதி அமைச்சகத்தின் கீழ் உள்ள குடியேற்ற நீதிமன்றம், ஆளை அனுப்புவது வேறொரு அமைப்பு. மன்ஹாட்டனில் 26 ஃபெடரல் பிளாசா என்ற ஒரே கட்டடத்தில் மூன்றுமே இருப்பதால் பொதுமக்கள் குழம்புவது இயல்புதான். ஆனாலும் அவள் நின்ற கவுன்ட்டரில் அவள் கேட்டது கிடைக்க வழியே இல்லை. அங்கே ஓர் அதிகாரி மனமிரங்கி ஒரு வழக்கறிஞரின் பெயரைத் தருகிறார். குடியேற்ற வழக்குகள் குற்றவியல் வழக்குகளாகக் கருதப்படுவதில்லை, எனவே அரசு செலவில் வக்கீல் வைத்துத் தரும் உரிமை யாருக்கும் இல்லை, குழந்தைக்குக்கூட. காவலில் வைக்கப்பட்டவர்களுக்காக நியூயார்க் நகரம் 2013இல் ஒரு திட்டம் தொடங்கியதே நாட்டில் முன்னோடி முயற்சி. நட்டாஷா காவலில் இல்லை, ஆகவே அதுவும் அவளுக்கில்லை. ஒரு வக்கீலின் பெயர் எழுதிய துண்டுச்சீட்டு அவளுக்கு அவ்வளவு பெரிய விஷயமாக இருப்பதன் காரணம் இது.

அந்த வக்கீலிடமிருந்துதான் சினிமா தொடங்குகிறது. நட்டாஷாவின் வழக்கை எடுப்பவரும் டேனியலை யேலுக்காக நேர்காணல் செய்ய வேண்டியவரும் ஒரே ஆள், ஜெரமி ஃபிட்ஸ்ஜெரால்ட். யேல் தன் பழைய மாணவர்களைக் கொண்டு நேர்காணல் நடத்துவது உண்மைதான். ஆனால் எண்பது லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள ஊரில் இருவருக்கும் இவரே வருவதும், காலையில் அவர்மேல் கார் மோதியதால் நேர்காணல் தள்ளிப்போய் டேனியலுக்கு நேரம் கிடைப்பதும், அவர் தன் அலுவலகப் பெண்ணோடு காதலில் விழுந்து, நீதிபதியைப் பார்க்க வேண்டிய நேரத்தைக் கோட்டை விடுவதும் ஆசிரியர் கை வைத்த இடங்கள். யூன் இதை மறைக்கவில்லை. ஒவ்வொரு சின்னப் பாத்திரத்துக்கும் ஓர் அத்தியாயம் கொடுத்து, யார் செய்தது யாரை எங்கே தள்ளியது என்று வெளிப்படையாகக் காட்டுகிறார். இது சிலருக்குப் பிடிக்கும். எனக்கு ஃபிட்ஸ்ஜெரால்ட் விஷயம் மட்டும் உறுத்தியது. வரலாறும் சட்டமும் சேர்ந்து செய்த ஒன்றைக் கடைசியில் ஒரு தனி மனிதரின் தவறாகச் சுருக்கிவிடுகிறது.

ஆனால் ஐரீன் கதை உறுத்தவில்லை. குடியேற்ற அலுவலக வாசலில் பைகளைச் சோதிக்கும் பாதுகாப்பு ஊழியர் அவர். யாரும் ஏறிட்டுப் பார்க்காத பெண், வாழவே விருப்பமில்லாத நிலையில் இருப்பவர். நட்டாஷாவின் போன் உறையில் நிர்வானா குழுவின் 1991ஆம் ஆண்டு ஆல்பத்தின் படம் இருப்பதைப் பார்த்து அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு நேரத்தைக் கடத்துகிறார். அந்தத் தாமதமும் பின்னால் நட்டாஷா அவருக்குச் சொல்லும் நன்றியும் எங்கெங்கோ போய் முடிகின்றன. இதுவும் தற்செயல்தான். ஆனால் இங்கே யாருடைய பொறுப்பையும் தட்டிக்கழிக்க அது பயன்படவில்லை.

காதலுக்கு வருகிறேன், அதைத்தானே முதலில் கேட்டீர்கள். ஒரே நாளில் வருமா? டேனியல் நட்டாஷாவை ‘அறிவியல் முறையில்’ காதலிக்க வைக்கிறேன் என்று ஒரு கேள்விப் பட்டியலை எடுக்கிறான். அது நிஜமான பட்டியல். உளவியலாளர் ஆர்தர் ஆரனும் குழுவினரும் 1997இல் வெளியிட்ட ஆய்வில் வந்த 36 கேள்விகள். மூன்று பகுதி, மொத்தம் சுமார் 45 நிமிடம், போகப்போக அந்தரங்கமாகும். அறிமுகமில்லாத இருவருக்கு இடையே ஆய்வுக்கூடத்தில் நெருக்கத்தை உண்டாக்க முடியுமா என்று பார்ப்பதுதான் நோக்கம், காதலை உண்டாக்குவது அல்ல. 2015 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸில் வந்த ஒரு கட்டுரைதான் அதைக் காதல் சூத்திரமாக உலகம் முழுதும் பரப்பியது. கடைசியில் நான்கு நிமிடம் கண்ணோடு கண் பார்ப்பதும் அந்தக் கட்டுரை வழியாகப் பிரபலமானதே. நட்டாஷா ஆய்வுக் கட்டுரையைத் தேடிப் படித்திருந்தால் டேனியலை அங்கேயே மடக்கியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அவசரத்துக்குக் காரணம் கேள்விப் பட்டியல் இல்லை, விமானம். மற்றக் காதல் கதைகளில் தயக்கம், ஊடல், சந்தேகம் என்று மாதக்கணக்கில் நடப்பதெல்லாம் இங்கே பன்னிரண்டு மணி நேரத்துக்குள் நடந்தாக வேண்டும் என்று கெடு வைத்தது அரசாங்கம். அவள் அதைப் பல மணி நேரம் அவனிடம் மறைக்கிறாள். மறைக்கும்வரை அவன் விளையாட்டாகப் பேசுகிறான், தெரிந்த பிறகு அவனுடைய நம்பிக்கைகள் ஒவ்வொன்றாகச் சோதனைக்கு உள்ளாகின்றன. நாளை இல்லை என்ற அழுத்தத்தில் 17 வயதில் வரும் உணர்ச்சியை நான் நம்புகிறேன். அதற்குக் காதல் என்று பெயர் வைக்கலாமா என்பதை நாவலே திறந்து வைத்திருக்கிறது.

நம்ப முடியாமல் போனவர் டேனியலின் அண்ணன் சார்லி. ஹார்வர்டிலிருந்து அனுப்பப்பட்டுக் கடையில் வந்து உட்கார்ந்திருக்கும் அவமானம் பெரிய பாத்திரத்துக்கான விதை. யூன் அவனை வெறும் வில்லனாக விட்டுவிட்டார். டேனியலின் அம்மாவும் நிழல்தான். அப்பாக்களுக்குக் கொடுத்த கவனம் அம்மாக்களுக்குக் கிடைக்கவில்லை.

முடிவைப் பலர் இனிப்பு தடவியது என்கிறார்கள். பிரிகிறார்கள், தொடர்பு தேய்கிறது, பத்து ஆண்டுகள் கழித்து ஒரு விமானத்தில் ஐரீன் வழியாக மறுபடி கண்டுகொள்கிறார்கள். அந்தப் பத்து என்ற எண்ணைக் கவனியுங்கள். 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஓராண்டுக்கு மேல் ஆவணமில்லாமல் தங்கிவிட்டு வெளியேறியவர் மறுபடி நுழையப் பத்தாண்டுத் தடை. அந்தத் தடை நட்டாஷாவின் பெற்றோருக்குப் பொருந்தும். 18 வயதுக்கு முன் தங்கிய காலம் கணக்கில் சேராது, எனவே அவளுக்குப் பொருந்தாது. ஆனாலும் ஒருமுறை விசா மீறிய குடும்பத்துப் பெண்ணுக்கு இன்னொரு விசா கொடுக்கத் தூதரக அதிகாரி எவ்வளவு யோசிப்பார் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பத்தாண்டு இடைவெளி காதல் கதைக்காகக் கூட்டிச் சொன்னது போலத் தோன்றலாம். அவளைப் போன்றவர்களின் வாழ்க்கையில் அது சாதாரணக் கணக்கு.

உங்கள் மகளுக்குக் கொடுக்கலாம். முத்தங்களும் கொஞ்சம் நெருக்கமான காட்சிகளும் உண்டு, அதற்கு மேல் இல்லை. யோசிக்க வேண்டியது ஐரீனின் தற்கொலை எண்ணம் பற்றித்தான். அந்தப் பகுதியை நீங்களும் படித்திருப்பதால் அவள் கேட்டால் பேசலாம். முடிப் பொருள் கடை, சாமுவேல், டேனியலின் அப்பா பற்றிய குட்டி அத்தியாயங்களை ‘கதைக்குச் சம்பந்தமில்லை’ என்று அவள் புரட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2019இல் யாரா ஷாஹிடியும் சார்ல்ஸ் மெல்டனும் நடித்து ரை ருஸ்ஸோ-யங் இயக்கத்தில் வந்த படம் நியூயார்க்கை அழகாகக் காட்டுகிறது. ஆனால் அந்தக் குட்டி அத்தியாயங்களுக்கு அதில் இடம் குறைவு, அதனால் புத்தகம் முதலில், படம் பிறகு.